தெருவை விற்றவர்களும் தெருவில் தள்ளப்பட்டவரும்

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட படிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை அங்கங்கே அப்படியே விடப்பட்டுள்ளது.)



நான் இன்று பேச எடுத்துக்கொண்டிருப்பது நியூயார்க் நகரசபையைப் பற்றி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தச் சபை ஊருக்குள் ரயில் விடுவதற்கு அனுமதி கொடுத்தது. ஒரு தடவை அல்ல, பல தடவை. அந்த அனுமதிகளை யார் கேட்டார்கள், யார் கொடுத்தார்கள், கொடுத்தவர்களுக்கு என்ன கிடைத்தது, அந்தத் தீர்மானத்தில் எழுதப்படாமல் விடப்பட்ட ஒரு வரியை யார் தங்கள் உடம்பைக் கொடுத்து எழுத வைத்தார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

"அமெரிக்காவில எப்பவோ குதிரை ரயில் விட்டதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். கேட்கணும். அதுக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் கதையைப் பார்ப்போம்.

ரயில் என்றதும் புகைவிடும் எஞ்சினை நினைத்துக்கொள்ளாதீர்கள். நியூயார்க் – ஹார்லெம் ரயில்ரோடு கம்பெனிக்கு மாநிலச் சட்டமன்றம் 1831-இல் உரிமைப் பத்திரம் கொடுத்தது. ஆனால் மாநிலம் கொடுத்தால் மட்டும் போதாது. தெரு நகரசபையின் பொறுப்பில் இருக்கிறது. எந்தத் தெருவில் தண்டவாளம் போடலாம், எங்கே போடக்கூடாது என்று சபைதான் சொல்லவேண்டும். சபை சம்மதித்தது. 1832 நவம்பரில் பவரி என்ற தெருவில் முதல் வண்டி ஓடியது. தண்டவாளத்தின் மேல் பெட்டி, இழுப்பது குதிரை. உலகத்தில் தெருவுக்குள் ஓடிய முதல் ரயில் இதுதான் என்கிறார்கள். மேயரும் பெரிய மனிதர்களும் ஏறி உட்கார்ந்து ஊர்வலம் போனார்கள்.

பிறகு நகரத்தின் வடபகுதியில் நீராவி எஞ்சினும் வந்தது. 1839-இல் எஞ்சின் கொதிகலன் ஒன்று வெடித்தது. வீடுகளும் கடைகளும் பெருகப் பெருக, "எஞ்சினை ஊருக்குள் கொண்டுவராதே" என்ற குரல் வலுத்தது. சபை கொஞ்சம் கொஞ்சமாக எஞ்சினை வடக்கே தள்ளியது. 1850களில் 42-ஆவது தெருவுக்குத் தெற்கே எஞ்சின் வரக்கூடாது என்று முடிவானது. 1871-இல் பெரிய ரயில் நிலையம் அந்த 42-ஆவது தெருவில் எழும்பியதற்குக் காரணம் இந்தத் தடைதான். இதை ஒரு பக்கம் குறித்துக்கொள்ளுங்கள். வசதியுள்ளவர்கள் குடியிருக்கும் பக்கத்தில் சத்தம் போட்டால் சபைக்குக் காது கேட்கிறது.

மேற்குக் கரையில் என்ன நடந்தது? ஹட்சன் ரிவர் ரயில்ரோடு கம்பெனிக்கு 1847-இல் சபை சம்மதம் கொடுத்தது. பத்தாவது, பதினொன்றாவது அவென்யூ வழியாகத் தெருமட்டத்திலேயே தண்டவாளம். மேம்பாலம் இல்லை, வேலி இல்லை. அங்கே குடியிருந்தவர்கள் ஐரிஷ், ஜெர்மன் நாட்டிலிருந்து பிழைக்க வந்த ஏழைகள். குழந்தைகளுக்கு விளையாட அந்தத் தெருவை விட்டால் வேறு இடம் கிடையாது. சரக்கு ரயில் அந்தத் தெருவிலேயே வந்தது. எத்தனையோ பேர் அடிபட்டுச் செத்தார்கள். 'சாவு அவென்யூ' என்றே மக்கள் பெயர் வைத்தார்கள். ரயிலுக்கு முன்னால் குதிரையில் ஒரு ஆள் சிவப்புக்கொடி காட்டிக்கொண்டு போகவேண்டும் என்று விதி போட்டார்கள். அதுதான் பாதுகாப்பு! 1908-இல் ஒரு பள்ளிச் சிறுவன் ரயிலில் அடிபட்டு இறந்தபிறகு, நூற்றுக்கணக்கான குழந்தைகள் தெருவில் ஊர்வலம் போனார்கள். தண்டவாளத்தை மேலே தூக்கிக் கட்டிய பாதை திறந்தது 1934-இல். தெருமட்ட ரயில் முழுவதுமாக நின்றது 1941-இல். அதாவது 1847-இல் சபையில் கை தூக்கி நிறைவேற்றிய ஒரு தீர்மானத்துக்குத் தொண்ணூறு வருஷத்துக்கு மேலே ஏழைகள் உயிரைக் கொடுத்தார்கள். தூக்கிக் கட்டிய அந்தப் பாதையில் 2009 முதல் பூங்கா இருக்கிறது. உலகமே வந்து படம் எடுத்துக்கொள்கிறது. சுற்றியிருக்கும் வீடுகளை அந்தப் பழைய ஏழைகளின் வாரிசுகள் விலைக்கு வாங்க முடியாது.

இப்போ சபைக்குள்ளே போவோம்.

1852-ஆம் வருஷம். நகரத்துக்கு இருபது வார்டு. வார்டுக்கு ஒரு ஆல்டர்மேன், ஒரு துணை ஆல்டர்மேன். நம்ம ஊர் கவுன்சிலர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் நாற்பது பேர். இந்தச் சபைக்கு ஊரார் வைத்த பெயர் 'நாற்பது திருடர்கள்'. அலிபாபா கதையில் வருகிற பெயர்தான். பிற்காலத்தில் நியூயார்க்கையே தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊழலுக்கு மறுபெயரான வில்லியம் ட்வீட் இந்தச் சபையில்தான் ஆல்டர்மேனாகத் தொழில் கற்றார்.

அந்த வருஷம் டிசம்பரில் பிராட்வே என்ற பெரிய தெருவில் ரயில் விடும் உரிமையை ஜேக்கப் ஷார்ப் என்பவரின் கூட்டத்துக்குச் சபை தூக்கிக் கொடுத்தது. "நாங்க இதைவிடக் குறைந்த கட்டணத்துக்கு ஓட்டுறோம், நகரத்துக்குக் கூடுதல் பணமும் தர்றோம்" என்று வேறு ஆட்கள் எழுதிக் கொடுத்தார்கள். சபை கண்டுகொள்ளவில்லை. மேயர் கையெழுத்துப் போட மறுத்தார். நீதிமன்றம் தடை உத்தரவு போட்டது. ஆல்டர்மேன்கள் தடையையும் மீறி மறுபடியும் நிறைவேற்றினார்கள். ஸ்டர்டிவன்ட் என்கிற ஆல்டர்மேனுக்கு நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறைத்தண்டனை கிடைத்தது. வழக்கு நடந்து அந்த பிராட்வே அனுமதியே பிற்பாடு செல்லாமல் போனது. ஷார்ப் விட்டாரா? முப்பது வருஷத்துக்கும் மேலே காத்திருந்தார். 1884-இல் அப்போதிருந்த ஆல்டர்மேன்களில் பெரும்பாலோரை விலைக்கு வாங்கி அதே பிராட்வே உரிமையைப் பெற்றார். 1887-இல் அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அடுத்த வருஷம் செத்துப்போனார். ரயில் ஓடிக்கொண்டிருந்தது.

இன்னொரு கதையும் சொல்லிவிடுகிறேன். சிரிப்பு வரும். 1863 ஏப்ரலில் ஹார்லெம் ரயில்ரோடு கம்பெனிக்கு பிராட்வேயில் தண்டவாளம் போடச் சபை அனுமதி தந்தது. அப்போது அந்தக் கம்பெனியைக் கையில் வைத்திருந்தவர் கோடீஸ்வரர் வாண்டர்பில்ட். அனுமதி கிடைத்ததும் பங்கு விலை ஏறியது. சபை உறுப்பினர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கையில் இல்லாத பங்கை, "பிற்பாடு தருகிறோம்" என்று சொல்லி அன்றைய உயர்ந்த விலைக்கு விற்றார்கள். ஜூன் மாதம் தாங்கள் கொடுத்த அனுமதியைத் தாங்களே ரத்து செய்தார்கள். விலை விழும், விழுந்த விலைக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு வித்தியாசத்தைப் பையில் போட்டுக்கொள்ளலாம் என்பது கணக்கு. வாண்டர்பில்ட் அவர்களைவிடப் பெரிய ஆள். சந்தையில் இருந்த பங்கு முழுவதையும் ஏற்கெனவே அவரே வாங்கிப் பூட்டி வைத்திருந்தார். இவர்கள் வாங்கிக் கொடுக்கப் பங்கு இல்லை. அவர் சொன்ன விலைக்கு வாங்கி நஷ்டப்பட்டார்கள். தெருவில் நடக்கிற மக்களின் சபை, அந்தத் தெருவை வைத்துச் சூதாடியது. ஜெயித்தது பெரிய சூதாடி. நடக்கிற மக்களை இரண்டு தரப்பும் நினைக்கவே இல்லை.

ஊழல் கதை நமக்குப் புதுசா என்ன? இதோடு நிறுத்தினால் இது செய்தித்தாள் அரட்டையாகப் போய்விடும். "லஞ்சம் வாங்கினான், தெருவை விற்றான்" என்பதோடு பொதுவான வரலாறு முடிந்துவிடுகிறது. நாம கேட்க வேண்டிய கேள்வி அதுக்கு அடுத்து இருக்கிறது. விற்றார்களே, அந்தத் தெரு யாருடையது? விற்றவர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் யார்? தேர்ந்தெடுக்க விடாமல் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் யார்?

நியூயார்க் மாநிலத்தில் அடிமை முறை 1827 ஜூலை 4-இல் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் அதற்கு முன்னாலேயே, 1821-இல் எழுதிய மாநில அரசமைப்புச் சட்டத்தில் ஒரு ஏற்பாடு செய்துவைத்தார்கள். வெள்ளை ஆண்களுக்கு இருந்த சொத்துத் தகுதியைத் தளர்த்தினார்கள். ஐந்து வருஷத்தில் அது சுத்தமாகவே போய்விட்டது. கறுப்பு ஆண்களுக்கு மட்டும் 250 டாலர் மதிப்புள்ள சொந்த நிலபுலன் இருந்தால்தான் ஓட்டு என்று எழுதினார்கள். பெண்களுக்கு எந்த நிறமாக இருந்தாலும் ஓட்டு இல்லை. இந்த 250 டாலர் வேலி 1870 வரை நின்றது. அதாவது 1831, 1847, 1852 என்று நான் சொன்ன ஒவ்வொரு அனுமதியும் நிறைவேறியபோது, நகரத்துக் கறுப்பின மக்களில் மிகச் சிலரைத் தவிர மற்றவர்களுக்கு அந்த ஆல்டர்மேனைத் தேர்ந்தெடுக்கவோ தோற்கடிக்கவோ உரிமை இல்லை. தெருவுக்குக் கல் பாவுகிற வேலை செய்யலாம். தெருவில் குப்பை அள்ளலாம். அந்தத் தெருவை யாருக்குக் கொடுப்பது என்று சொல்ல முடியாது.

அதே 'நாற்பது திருடர்கள்' சபை அனுமதி கொடுத்த இன்னொரு பாதை மூன்றாவது அவென்யூ ரயில்ரோடு. 1853-இல் வண்டிகள் ஓடத் தொடங்கின. இந்தமாதிரி அனுமதிகளில் என்னென்ன நிபந்தனை எழுதுவார்கள்? தண்டவாளங்களுக்கு நடுவே கல் பாவி வைக்கணும். இவ்வளவு கட்டணம்தான் வாங்கணும். வண்டிக்கு இவ்வளவு உரிமப் பணம் கட்டணும். எல்லாம் இருக்கும். "எல்லோரையும் ஏற்றணும்" என்கிற ஒரு வரி இருக்காது. அதைக் கம்பெனியின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். கம்பெனி கண்டக்டரின் விருப்பத்துக்கு விட்டது. கறுப்பு மக்கள் சில வண்டிகளில் வெளியே நின்றுகொண்டு போகலாம், சில வண்டிகளில் ஏறவே கூடாது, சில வண்டிகளில் 'கறுப்பர்களுக்கு அனுமதி உண்டு' என்று பலகை தொங்கும். பொதுத் தெரு, பொது அனுமதி, ஆனால் தனிப் பெட்டி.

1854 ஜூலை 16, ஞாயிற்றுக்கிழமை. எலிசபெத் ஜென்னிங்ஸ் என்ற கறுப்பினப் பெண் தேவாலயத்துக்குப் போகிறார். பள்ளி ஆசிரியை. தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். கூடவே ஒரு தோழி. நேரமாகிவிட்டது. பேர்ல் தெருவும் சாத்தம் தெருவும் சந்திக்கிற முனையில் மூன்றாவது அவென்யூ வண்டியை நிறுத்தி ஏறுகிறார்கள். கண்டக்டர், "உங்க ஆட்களுக்கான வண்டி பின்னாடி வருது, அதுல வாங்க" என்கிற மாதிரி சொல்கிறான். பின்னால் வந்த வண்டியில் இடமில்லை. எலிசபெத் இறங்க மறுக்கிறார். சரி ஏறு, வண்டியில் யாராவது ஆட்சேபித்தால் இறக்கிவிடுவேன் என்கிறான். எலிசபெத் பதில் சொல்கிறார்: நான் மரியாதையான ஆள், இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள், நீ எங்கே பிறந்தாயோ எனக்குத் தெரியாது. அவன் அயர்லாந்தில் பிறந்தவன். உடனே பிடித்து இழுக்கிறான். ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொள்கிறார். ஓட்டுநரும் சேர்ந்துகொள்கிறான். வெளியே இழுத்துப் போட்டபிறகும் மறுபடி ஏறி உட்கார்கிறார். வண்டியை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டு போய், ஒரு போலீஸ்காரனைக் கண்டுபிடித்து, அவனைக் கொண்டு தெருவில் தள்ளுகிறார்கள். முடிந்தால் போய் நியாயம் தேடிக்கொள் என்று போலீஸ்காரன் சொல்லிவிட்டுப் போகிறான்.

இங்கே கொஞ்சம் நிற்போம். அந்தக் கண்டக்டர் யார்? பட்டினிக்குப் பயந்து கப்பலேறி வந்த ஒரு இனத்தின் ஆள். மேற்குக் கரைத் தெருவில் ரயிலில் அடிபட்டுச் சாகிற குழந்தைகள் அந்த இனத்துக் குழந்தைகளும்தான். நகரசபையின் ஒரு தீர்மானம் அவன் மக்களைக் கொல்கிறது. இன்னொரு தீர்மானம் அவனுக்கு ஒரு சின்ன அதிகாரத்தைக் கொடுக்கிறது: கறுப்புப் பெண்ணை இறக்கிவிடுகிற அதிகாரம். அவன் எந்தத் தீர்மானத்தைப் பிடித்துக்கொண்டான்? இரண்டாவதை. மேலே இருப்பவன் தன்னை மிதிப்பதைவிடக் கீழே ஒருவர் இருப்பது அவனுக்கு முக்கியமாகப் படுகிறது. அம்பேத்கர் படிநிலைப்பட்ட சமத்துவமின்மை என்று சொன்னது சாதியைப் பற்றி. நிறமும் சாதியும் ஒன்றல்ல. ஆனால் ஏணியில் ஒரு படி மேலே நிற்பவன் ஏணியையே காப்பாற்றுவான் என்கிற சூத்திரம் அந்த வண்டிக்குள்ளும் வேலை செய்திருக்கிறது.

எலிசபெத் நியாயம் தேடினார். மறுநாள் தேவாலயத்தில் கறுப்பின மக்கள் கூடினார்கள். அடிபட்டுப் படுக்கையில் கிடந்த அவர் எழுதிக் கொடுத்த அறிக்கையை அங்கே வாசித்தார்கள். ஹொரேஸ் கிரீலியின் டிரிப்யூன் பத்திரிகையும் ஃபிரடெரிக் டக்ளஸின் பத்திரிகையும் அதை வெளியிட்டன. எலிசபெத்தின் அப்பா தாமஸ் ஜென்னிங்ஸ் ஒரு தையற்காரர். துணி வெளுப்பதற்கு ஒரு புது முறையைக் கண்டுபிடித்து 1821-இல் காப்புரிமை வாங்கியவர். நமக்குத் தெரிந்தவரை அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முதல் கறுப்பர். தொழிலில் வந்த காசை அடிமைத்தனத்திலிருந்து தன் குடும்பத்தை மீட்கவும் விடுதலை இயக்கத்துக்கும் செலவு செய்தவர். அவர் முன்னின்று பணம் திரட்டி வழக்கறிஞர்களை அமர்த்தினார். வாதாடிய இளம் வக்கீல் செஸ்டர் ஆர்தர். பின்னாளில், 1881-இல், அமெரிக்க ஜனாதிபதி ஆனவர். ஆர்தர் பெயரைப் பெரிதாகப் போட்டு இந்த வழக்கைச் சொல்பவர்கள் உண்டு. நாம் அப்படிச் சொல்ல வேண்டாம். வக்கீல் வருவதற்கு முன்னாலேயே ஜன்னல் சட்டத்தைப் பிடித்த கை ஒன்று இருந்தது.

1855 பிப்ரவரியில் புரூக்ளினில் வழக்கு விசாரணைக்கு வந்தது. நீதிபதி ராக்வெல் ஜூரிகளுக்குச் சொன்னது இதுதான்: காசு வாங்கிக்கொண்டு பொதுமக்களை ஏற்றிச் செல்வதாக அறிவித்துத் தொழில் நடத்துகிற கம்பெனி, மரியாதையான எல்லோரையும் ஏற்றியாக வேண்டும். கறுப்பர்களும் குடிக்காமல், ஒழுங்காக, நோயில்லாமல் இருந்தால் மற்றவர்களுக்குள்ள அதே உரிமை அவர்களுக்கும் உண்டு. கம்பெனியின் விதியைக் காட்டியோ பலாத்காரமாகவோ அவர்களை விலக்க முடியாது.

நகரசபை எழுதாமல் விட்ட வரி இப்போது எழுதப்பட்டது. கம்பெனி தன் வண்டிகளைக் கறுப்பர்களுக்குத் திறந்தது.

தீர்ப்பைக் கைதட்டி வரவேற்போம். ஆனால் வாசித்துப் பார்த்துவிட்டுக் கைதட்டுவோம். "குடிக்காமல், ஒழுங்காக, நோயில்லாமல்" – இந்த மூன்று நிபந்தனையும் தனியாக யாருக்கு எடுத்துச் சொல்லப்படுகிறது? குடித்துவிட்டு ஏறுகிற வெள்ளைக்காரன் தன் நிறத்துக்காகச் சான்றிதழ் காட்டத் தேவையில்லை. எலிசபெத் ஆசிரியை, ஆர்கன் வாசிப்பவர், நல்ல உடை, நல்ல பேச்சு. அவருக்கே இவ்வளவு பாடு என்றால், துணி வெளுக்கிற கறுப்புப் பெண், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற கறுப்பு ஆள் எப்படி நிரூபிப்பது, தான் 'மரியாதையான' ஆள் என்று? உரிமை மனிதருக்குத் தரப்பட்டதா, கண்ணியமான நடத்தைக்குப் பரிசாகத் தரப்பட்டதா? "குளிச்சுட்டு வா, சுத்தமா இரு, அப்புறம் சமமா நடத்துறோம்" என்று உபதேசம் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த வாசகத்தின் நாற்றம் உடனே தெரியும்.

இன்னொன்று. அவர் கேட்ட நஷ்டஈடு 500 டாலர். ஜூரி கொடுத்தது 225 டாலர். செலவுத்தொகை தனி. கறுப்பு ஆண் ஒருவருக்கு ஓட்டுப் போட வேண்டிய சொத்து 250 டாலர் என்று சொன்னேன். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் வேறு விளக்கம் சொல்லப் போவதில்லை.

வழக்கில் ஜெயித்தது ஒரு கம்பெனியை. ஊரில் வேறு கம்பெனிகள் இருந்தன. ஆறாவது அவென்யூ, எட்டாவது அவென்யூ – இவையெல்லாம் "அந்தத் தீர்ப்பு எங்களைக் கட்டாது" என்று நடந்துகொண்டன. தாமஸ் ஜென்னிங்ஸ் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளவில்லை. 1855-இலேயே சட்ட உரிமைச் சங்கம் என்று ஒன்றைத் தோழர்களோடு சேர்ந்து தொடங்கினார். தள்ளப்படுகிற ஒவ்வொருவருக்கும் வழக்கு நடத்துவதற்காகவே ஒரு அமைப்பு. அடுத்து வழக்குப் போட்டவர் ஜேம்ஸ் பென்னிங்டன். மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து, தப்பி ஓடிவந்து, படித்துப் போதகர் ஆனவர். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்திருந்தது. அந்த டாக்டரை ஆறாவது அவென்யூ வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். அந்த வழக்கு 1856-இல் தோற்றது. பட்டம் காப்பாற்றவில்லை. மரியாதையும் காப்பாற்றவில்லை.

1863 ஜூனில் ஆல்டர்மேன்கள் தங்கள் அனுமதியை வைத்துச் சூதாடினார்கள் என்று சொன்னேன் இல்லையா? அடுத்த மாதம், ஜூலை 13-இல் நகரம் எரிந்தது. உள்நாட்டுப் போருக்குக் கட்டாய ஆள்சேர்ப்பு. 300 டாலர் கட்டினால் பணக்காரன் விலகிக்கொள்ளலாம். ஏழை வெள்ளையரின் கோபம் நியாயமானது. அந்தக் கோபம் 300 டாலர் கட்டியவன் வீட்டோடு நிற்காமல் எங்கே போனது? கறுப்பர்கள் மேல் போனது. கறுப்பு அநாதைக் குழந்தைகள் இருந்த இல்லத்துக்குத் தீ வைத்தார்கள். கறுப்பு மனிதர்களை விளக்குக் கம்பத்தில் தூக்கில் போட்டார்கள். அந்த நாட்களில்தான் எலிசபெத்தின் கைக்குழந்தை நோயில் இறந்தது. கலவரக்காரர்கள் திரிகிற தெருக்கள் வழியாகக் கொண்டுபோய்த்தான் அடக்கம் செய்ய வேண்டியிருந்தது. வண்டியில் உட்கார உரிமை வாங்கியவருக்குத் தெருவில் பிணம் கொண்டுபோகப் பயம். உரிமை என்பது ஒருமுறை வாங்கிப் பெட்டியில் வைக்கிற பத்திரம் இல்லை.

1864-இல் எட்டாவது அவென்யூ வண்டியில் எலன் ஆண்டர்சன் என்ற பெண்ணை இறக்கினார்கள். போரில் உயிர் கொடுத்த கறுப்புப் படைவீரரின் மனைவி அவர். கணவன் நாட்டுக்காகச் செத்தான், மனைவிக்கு வண்டியில் இடமில்லை. அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் மிச்சக் கம்பெனிகளும் பணிந்தன. 1873-இல் நியூயார்க் மாநிலம் சிவில் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. கணக்குப் போடுங்கள். எலிசபெத் தள்ளப்பட்டதிலிருந்து ஊரின் எல்லா வண்டிகளும் திறக்கப் பத்து வருஷம். சட்டமாக எழுதப் பத்தொன்பது வருஷம். நாட்டளவில் இதுவும் நிலைக்கவில்லை. 1896-இல் பிளெசி வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம், தனிப்பெட்டி வைப்பது சட்டப்படி சரியே என்றது. அதுவும் ரயில் பெட்டிதான். ரோசா பார்க்ஸ் பஸ்ஸில் எழ மறுத்தது 1955-இல். எலிசபெத்துக்குத் தீர்ப்புக் கிடைத்து நூறு வருஷம் கழித்து.

எலிசபெத் தொடர்ந்து பாடம் சொல்லிக்கொடுத்தார். 1895-இல் தன் வீட்டிலேயே கறுப்புக் குழந்தைகளுக்கு ஒரு மழலையர் பள்ளி தொடங்கினார். 1901-இல் இறந்தார். நியூயார்க் நகரம் ஒரு தெருத்துண்டுக்கு அவர் பெயரை வைத்தது 2007-இல். தெருவில் தள்ளியவர்களின் சபை, தெருப்பலகையில் பெயர் எழுத ஒன்றரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டது.

சரி, நமக்கு என்ன?

நகரசபைத் தீர்மானம் என்றால் நம் வரலாற்றில் உடனே நினைவுக்கு வரவேண்டியது மகாட். பம்பாய் சட்டசபை 1923-இல் பொதுக்குளங்களை எல்லோருக்கும் திறக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. மகாட் நகராட்சியும் சௌதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் எழுதியது. காகிதத்தில் குளம் திறந்தது. தண்ணீரை ஒருவரும் தொட முடியவில்லை. 1927 மார்ச் 20-இல் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான மக்களும் நடந்துபோய்த் தண்ணீர் எடுத்துக் குடித்தபோதுதான் அந்தத் தீர்மானத்துக்கு உயிர் வந்தது. உயிர் வந்த உடனே நகராட்சி என்ன செய்தது? அதே வருஷம் ஆகஸ்டில் தன் தீர்மானத்தை ரத்து செய்தது. பம்பாய் உயர்நீதிமன்றத் தீர்ப்பு வர 1937 ஆனது. இங்கேயும் பத்து வருஷம். நியூயார்க்கில் சபை 'எல்லோரையும்' என்று எழுதவில்லை, எழுத வைக்கவேண்டியிருந்தது. மகாடில் எழுதினார்கள், நடத்திக் காட்ட வேண்டியிருந்தது. எழுத்து இல்லாவிட்டாலும் சண்டை, எழுத்து இருந்தாலும் சண்டை.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஊர் நகராட்சியோ பேரூராட்சியோ ஊராட்சியோ தெருவை, குளத்தை, மந்தைவெளியை, சுடுகாட்டுப் பாதையைப் பற்றித் தீர்மானம் போட்டுக்கொண்டேதான் இருக்கிறது. ஆர்ப்பாட்டத்துக்குப் போகிறோம், முழக்கம் போடுகிறோம், சரி. அந்தத் தீர்மானத்தின் நகலை எத்தனை பேர் படித்திருக்கிறோம்? 2005 முதல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனுப் போடலாம். நகலை வாங்கி மூன்று கேள்வி கேளுங்கள். இதைக் கேட்டவர் யார், அவருக்கு என்ன லாபம்? கை தூக்கியவர்கள் யார், அந்த நாற்காலிக்கு அவர்கள் எப்படி வந்தார்கள்? எழுதாமல் விட்ட வரி எது? முதல் இரண்டு கேள்வியைப் பத்திரிகைக்காரர்கள் எப்போதாவது கேட்பார்கள். மூன்றாவது கேள்வியை நாம்தான் கேட்கவேண்டும். ஏனென்றால் விடப்படுகிற வரி எப்போதும் நம்மைப் பற்றியது.

விட்ட வரியைக் கண்டுபிடித்தபிறகு தனியாளாகப் போய் நிற்காதீர்கள். எலிசபெத் ஒரு தோழியோடு மட்டும்தான் ஏறினார், ஆனால் மறுநாளே ஒரு கூட்டம் கூடியது, ஒரு பத்திரிகை அச்சடித்தது, ஒரு சங்கம் பிறந்தது. தோற்ற வழக்கையும் சேர்த்து நடத்திய சங்கம் அது.

பேசவேண்டியதைப் பேசிவிட்டேன். மாற்றுக் கருத்து இருப்பவர்கள் முதலில் பேசுங்கள்.